கயிறு பிடித்த பங்கிராஸ்

ஆவூர்க் கோவில் பங்கில் எவனாவது ஒரு வேலையை அரைகுறையாக, அவசரத்தில் முடித்துவிட்டு வந்தால், "என்னப்பா, பங்கிராஸ் பத்து ஓட்டிட்டியா?" என்று கேட்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. வேலியடைத்தவனையும் கேட்பார்கள், பரீட்சை எழுதிவிட்டு வந்தவனையும் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் இன்று யாருக்கும் சிரிப்பு வராது.

விளக்கு வைத்ததும் வீட்டுக்கு வீடு ஐம்பத்துமூன்று மணிச் செபம் நடக்கும். முதல் மூன்று மணி போக, பத்துப் பத்து மணியாக மொத்தம் ஐந்து பத்து. வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கொரு பத்தாக முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். வியாகுலமேரி வீட்டில் முதல் பத்து அவளுடையது. இரண்டாவது, கட்டிலில் கிடக்கும் அவள் புருஷன் அந்தோணிமுத்துவுடையது. மூன்றாவது, அவளுடைய அண்ணன் பங்கிராஸுடையது. அந்தப் பத்து வந்ததும் வீட்டில் ஏதோ எருமை புகுந்ததுபோல் ஒரு பரபரப்பு உண்டாகும். பதில் சொல்கிறவர்கள் மூன்றாவது மணியில் இருக்கும்போது பங்கிராஸ் ஏழாவது மணியைத் தாண்டியிருப்பான். மூச்சு வாங்கும். நெற்றியில் வியர்வை நிற்கும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். "மாதாவுக்கே ஒன் பேச்சு புரியாதுடா," என்று கோவில் உபதேசியார் செல்லமுத்து பலமுறை கண்டித்தார். அவன் தலையை ஆட்டுவான். மறுநாளும் அதே ஓட்டம்தான்.

மற்ற நேரங்களில் அவனைப்போல் நிதானமான ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் பருக்கை பருக்கையாகச் சாப்பிடுவான். மண்வெட்டி பிடித்தால் வரப்பு நூல் பிடித்தாற்போல் வரும். மூன்றாம் பத்தில் மட்டும் அவனுக்கு என்ன ஆகிறது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பங்கிராஸும் அந்தோணிமுத்துவும் கிணறு தூர்வாருகிறவர்கள். கடலைப் படத்தில்கூடப் பார்க்காத ஊர் அது. ஆனால் கிணறுகள் ஆழம். கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது இறங்கிச் சேற்றை அள்ளி மேலே அனுப்ப வேண்டும். சில கிணறுகளில் தண்ணீர் வற்றவே வற்றாது; அங்கே மூச்சைப் பிடித்து முழுகித்தான் அள்ள வேண்டும். அந்தோணிமுத்து முழுகினால் கரையில் இருப்பவர்கள் ஒரு பீடி பிடித்து முடித்துவிடலாம். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பங்கிராஸ் பிடித்திருப்பான். மேலேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், நல்லாயிருக்கியா என்று அர்த்தம். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், நல்லாயிருக்கேன் என்று பதில். அதற்குமேல் அந்தத் தொழிலுக்குப் பாஷை தேவைப்படவில்லை.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. இறங்குகிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். மற்றவன் அசந்துபோவான், தங்கச்சி தாலி கையில் இருக்கிறவன் அசர மாட்டான் என்பது கணக்கு. கேட்பதற்கு மிகவும் சரியாகத்தான் இருக்கிறது.

1948-இல், புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், மழையில்லை. கிணறு வெட்டச் சொல்லவும் ஆளில்லை, வாரச் சொல்லவும் ஆளில்லை. பர்மாவில் மெர்குயி என்ற துறைமுகத்தில் இருந்த சந்தனம் என்கிற உள்ளூர்க்காரர் கடிதம் போட்டார். அங்கே கடலுக்கடியில் முத்துச்சிப்பி எடுக்கிறார்கள். சண்டைக்கு முன்னால் ஜப்பான்காரர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது இறங்க ஆளில்லை. மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவனும் கயிறு பிடிக்கத் தெரிந்தவனும் இருந்தால் அனுப்பவும். இருவரும் கப்பல் ஏறினார்கள்.

போய்ப் பார்த்தால் மூச்சுப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. செம்பில் செய்த பெரிய தலைக்கூடு ஒன்று வைத்திருந்தார்கள். முன்னாலும் பக்கத்திலும் கண்ணாடிச் சன்னல். கல்யாண வீட்டுச் சோற்றுப் பாத்திரத்தைக் கவிழ்த்ததுபோல் இருந்ததால் இவர்கள் அதற்குக் 'குண்டான்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ரப்பர்ச் சட்டை, ஈயம் வைத்த செருப்பு, நெஞ்சிலும் முதுகிலும் ஈயக்கட்டி. எல்லாம் மாட்டிக் குண்டானைத் திருகி மூடினால், படகில் இருக்கும் பம்பைச் சந்தனமும் இன்னொருவரும் சுற்றச் சுற்றக் குழாய் வழியாகக் காற்று கீழே போகும். இருபது பாகம் ஆழம். கைகளிரண்டையும் விரித்த அளவு ஒரு பாகம். அந்த ஆழத்தில் நடந்து நடந்து, சாப்பாட்டுத் தட்டு அகலச் சிப்பிகளைப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். முத்து இருந்தால் முதலாளியின் அதிர்ஷ்டம். ஆனால் தொழில் நடந்தது சிப்பிக்காகத்தான். அதில்தான் சீமைத் துரைகளின் சட்டைக்குப் பொத்தான் அறுத்தார்கள். யாரோ சட்டை மாட்டிக்கொள்வதற்காக இவ்வளவா என்று அந்தோணிமுத்து முதல் நாள் சிரித்தான்.

இறங்குவதில் ஆபத்து அவ்வளவாக இல்லை, ஏறுவதில்தான் இருந்தது. படகை நடத்திய சீனத் தண்டல் முதலில் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். ஆழத்தில் அவ்வளவு நேரம் இருந்தவனை ஒரேயடியாக மேலே தூக்கினால் உடம்புக்குள் போன காற்று ரத்தத்தில் நுரைக்கும்; ஆள் செத்துப்போவான், இல்லாவிட்டால் முடங்கிப்போவான். அதனால் ஐந்து பாகத்தில் ஒரு நிறுத்தம், இரண்டு பாகத்தில் ஒரு நிறுத்தம். முதல் நிறுத்தத்தில் கால் மணி நேரம் கயிற்றில் தொங்க வேண்டும், அடுத்ததில் அரை மணி நேரம். படகில் இருந்த ஒரே கடிகாரம் தண்டலின் அறையில் இருந்தது, அதுவும் அடிக்கடி நின்றுபோகும். பங்கிராஸ் அதை நம்பவில்லை. நிதானமாகச் சொன்னால் ஐந்து பத்தும் சேர்ந்த ஒரு செபமாலைக்குக் கால் மணி நேரம் ஆகும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆக முதல் நிறுத்தத்தில் ஒரு செபமாலை, இரண்டாவதில் இரண்டு. தண்டல் இரண்டு முறை தன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் படகுக்கே பங்கிராஸின் செபமாலைதான் கடிகாரம்.

ஒவ்வொரு பத்து முடிந்ததும் கயிற்றை ஒரு தடவை இழுப்பான். கீழேயிருந்து ஒரு இழுப்பு வரும். அப்புறம் அடுத்த பத்து. ஒரு நாளைக்கு மூன்று இறக்கம், ஒன்பது செபமாலை. பங்குச் சாமியார்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்.

1949 கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தார்கள். அடுத்த தை மாதம் பங்கிராஸின் தங்கை வியாகுலமேரியை அந்தோணிமுத்து கட்டிக்கொண்டான். ஊர்ப் பெரியவர்களுக்குத் திருப்தி. இப்போதுதான் கயிறு முறைப்படி மச்சான் கைக்கு வந்திருக்கிறது என்றார்கள். ஈஸ்டர் முடிந்ததும் இருவரும் மறுபடி கப்பல் ஏறினார்கள். அழுதுகொண்டே நின்ற தங்கையிடம் பங்கிராஸ் சொன்னான்: "நீ எதுக்கு அழுவுற. கயிறு யார் கையில இருக்கு? ஒங்கண்ணன் கையில."

1951 பிப்ரவரியில் ஒரு நாள் காலை. கடல் தட்டுப்போல் கிடந்தது. அந்தோணிமுத்து அடியில் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தான். ஐந்து பாகத்தில் ஒரு செபமாலை முழுசாக முடிந்தது. இரண்டு பாகத்துக்குத் தூக்கி நிறுத்தி, அடுத்த செபமாலையைத் தொடங்கி, முதல் பத்து முடியும்போதுதான் அரிசியும் நல்ல தண்ணீரும் கொண்டுவரும் படகு பக்கத்தில் வந்து சேர்ந்தது. அதில் ஒரு கடிதம் இருந்தது. உபதேசியார் கையெழுத்து. பம்ப் சுற்றிக்கொண்டிருந்த சந்தனம் தம் இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு வந்து, கடிதத்தைப் பிரித்துப் பங்கிராஸின் காதருகில் வாசித்தார். மார்கழியில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அமலராணி என்று ஞானஸ்நானப் பேர். மூக்கு தகப்பன் மூக்கு.

பங்கிராஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையில் கயிறு. கயிற்றின் அடுத்த முனையில், பத்துப் பன்னிரண்டடி தண்ணீருக்குக் கீழே, இன்னும் சேதி தெரியாத தகப்பன். இரண்டாம் பத்தைச் சொன்னான். கயிற்றை இழுத்தான். பதில் இழுப்பு வந்தது. மூன்றாம் பத்தைத் தொடங்கினான். "அருள் நிறைந்த மரியே" என்று வாய் சொல்ல, பெண் பிள்ளை, பெண் பிள்ளை என்று மனசு குதித்தது. முப்பது நாள் தாண்டி வந்த சேதி. அதை அரை மணி நேரம் வைத்திருக்க அவனால் முடியவில்லை. எத்தனை மணி சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நாலோ, ஐந்தோ. மீதிப் பத்தும் முடிந்தது, அடுத்த செபமாலையும் முடிந்தது என்று தனக்குத்தானே தீர்மானித்துக்கொண்டு கயிற்றை இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

தண்டல் பின்பக்கம் அரிசி மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருவரும் தடுக்கவில்லை.

குண்டானைத் திருகிக் கழற்றியதும் பங்கிராஸின் சிரித்த முகம்தான் அந்தோணிமுத்துவின் கண்ணில் பட்டது. "மாப்ள, பொம்பளப் புள்ள. ஒம்மூக்காம்." அந்தோணிமுத்து ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு அவனும் சிரித்தான். ஈயச் செருப்போடு எழுந்து நின்று இரண்டு எட்டு ஆடக்கூட ஆடினான். எல்லோரும் கைதட்டினார்கள். கால் மணி நேரம் கழித்துத் தோள்பட்டை வலிக்கிறது என்றான். அப்புறம் இடுப்பு. தண்ணீர் கொடு என்று எழுந்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். தண்டலுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி சட்டையை மாட்டித் தண்ணீருக்குள் இறக்கி இரண்டு மணி நேரம் தொங்கவிட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். வலி போயிற்று. கால்கள் திரும்பி வரவில்லை.

"கயித்துல நேரம் சரியா விட்டியா?" என்று தண்டல் கேட்டார். "விட்டேன்," என்றான் பங்கிராஸ். வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு சொல்.

ஊருக்கு வந்து சேரும்போது ஆடி மாதம். மாட்டுவண்டியிலிருந்து மாப்பிள்ளையை முதுகில் தூக்கிக்கொண்டு பங்கிராஸ் வீட்டுக்குள் நுழைந்தான். கைப்பிள்ளையோடு நின்ற வியாகுலமேரி அழவில்லை. எப்போ நடந்தது, எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டாள். பங்கிராஸ் சொன்னான்: "ஒங்கடுதாசி வந்த அன்னிக்குத்தான் தாயி. புள்ள பொறந்த சேதியக் கேட்டு அரை மணி நேரம் ஆகல. விழுந்துட்டாரு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாதி உண்மை செய்த காரியத்தை முழுப் பொய்கூடச் செய்திருக்காது. சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அழகம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக, "சேதி காதுல விழுந்ததும் கால் போச்சா," என்றாள். அன்றைக்கே முடிந்துவிட்டது. ஏழு மாதக் குழந்தை, தகப்பன் காலை வாங்கிக்கொண்டு பிறந்தவள் ஆகிவிட்டாள்.

சாமி கும்பிடுகிறவர்களும் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அமலராணி வளர்ந்தாள். விதைக் கடலை எடுத்துக் கொடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும்போது அவள் அந்தப் பக்கம் வந்தால், "அங்கிட்டுப் போயி வெளையாடு ஆத்தா," என்று அன்பாகத்தான் சொல்வார்கள். ஏசு பாடுபட்ட கதையை நடிக்கும் ஆவூர்ப் பாஸ்காவில் சின்னப் பெண்களுக்குச் சிறகு கட்டிச் சம்மனசு வேஷம் போட்டபோது அவளை மட்டும் விட்டுவிட்டார்கள். மற்றவர்களைச் சொல்வானேன். வியாகுலமேரியே, அண்ணனும் புருஷனும் ஏதாவது காரியமாக வெளியே கிளம்பும்போது, மகளை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். பெற்றவள் மனசில் வெறுப்பு இல்லை. பயம் இருந்தது. அந்தப் பயம் பிள்ளைக்குப் புரிந்தது. எட்டு வயதிலேயே யாராவது கிளம்பினால் தானாக எழுந்து அடுப்படிக்குப் போய்விடப் பழகிக்கொண்டாள்.

பங்கிராஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாப்பிள்ளையை முதுகில் சுமந்து கோவிலுக்குக் கொண்டு போனான். குளிப்பாட்டினான், புண் வராமல் புரட்டிப் போட்டான், தங்கச்சியின் இரண்டு காணிக் கொல்லையில் கடலை போட்டான். தங்கமான அண்ணன் என்று ஊர் சொன்னது. சொல்லச் சொல்ல அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். "பாவம் போயிருச்சு. வீட்டுல சொல்றது ஒன் மனச்சாட்சி," என்றார் அவர். பரிகாரமாக ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். கோவிலிலேயே முழங்காலில் நின்று தொடங்கினான். மூன்றாம் பத்து வந்தது. கையில் கயிறு கனப்பதுபோல் இருந்தது. ஓடத் தொடங்கினான். அன்று தொடங்கிய ஓட்டத்தைத்தான் ஊர் கேலி பேசியது.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் முடிவெடுப்பான். சொன்னால் தங்கச்சி வாசல்படி மிதிக்க விடமாட்டாள். அப்புறம் அந்தோணிமுத்துவை யார் தூக்குவது? இப்படியே பதினாறு தவக்காலம் போயிற்று.

1967-இல், அமலராணிக்குப் பதினேழாம் வயது நடக்கும்போது, ஆலங்குடிப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கூட அவனுடைய தாய் அற்புதமேரியும் சித்தப்பாவும். இதற்கு முன் வந்த இரண்டு இடமும் பஸ் நிறுத்தத்திலேயே சேதி கேட்டுத் திரும்பிவிட்டன. இவர்கள் வீடு வரைக்கும் வந்ததே பெரிய காரியம். வந்தார்கள், காப்பி குடித்தார்கள். பெண் எட்டாவது வரை படித்திருக்கிறாள் என்றதும் வாத்தியாருக்குச் சந்தோஷம். வியாகுலமேரியின் முகத்தில் பங்கிராஸ் வருஷக்கணக்காகப் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. அமலராணி கதவோரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அற்புதமேரி கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே வேலிக்கு அந்தப் புறம் அழகம்மாள் நின்றிருக்கிறாள். இரண்டு நிமிஷம்தான். திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க," என்றாள். "பொண்ணு லெட்சணமா இருக்கு. கொறை ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு இருக்கிறது ஒரே மகன். பொறந்த சேதி வந்த நிமிசமே தகப்பனுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. மனசு ஒப்ப மாட்டேங்குது."

வியாகுலமேரி தலையைக் குனிந்துகொண்டாள். அதைத்தான் பங்கிராஸால் தாங்க முடியவில்லை. இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று பெற்றவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கும் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டானோ என்னவோ. கதவோரத்தில் நின்ற பெண், யாரும் சொல்லாமலே, மெல்ல அடுப்படிக்குப் போகத் திரும்பினாள்.

"நில்லு ஆத்தா," என்றான் பங்கிராஸ். "போகாத. இங்கனயே நில்லு."

எழுந்து நின்றான். கைகளைக் கட்டிக்கொண்டான், சாமியார் முன்னால் நிற்பதுபோல். எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு பாகம், இரண்டு செபமாலை, கடிதம், மூன்றாம் பத்து. "பாதியில விட்டுட்டுத் தூக்கிட்டேன். சந்தோசத்துல தூக்கிட்டேன். அந்தப் புள்ளைக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. அவ பொறந்ததால அவருக்குக் கால் போகல. நான் அவசரப்பட்டதால போச்சு. பதினாறு வருசமா மறைச்சு வச்சிருந்தேன்."

கட்டிலிலிருந்து அந்தோணிமுத்து பேசினான். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"எனக்குத் தெரியும் மச்சான்."

பங்கிராஸ் திரும்பினான்.

"கீழ தொங்குற நானும் சும்மாவா தொங்குனேன். குண்டானுக்குள்ள ஒங்கூடவே சொல்லிக்கிட்டுத்தான இருப்பேன். ரெண்டு இழுப்பு வந்துச்சு. மூணாவது வரல. கயிறு மேல போவுது. என்னமோ ஆபத்து, படகுல தீப்புடிச்சிருச்சு போலன்னு நெனச்சேன். மேல வந்தா நீ சிரிக்கிற. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா ஏன் மாப்ள சொல்லல?"

அந்தோணிமுத்து கூரையைப் பார்த்தான். "சொன்னா ஒந்தங்கச்சி ஒன்ன வீட்டுக்குள்ள விடுவாளா? என்னத் தூக்க வேற ஆளு யாரு இருக்கா," என்றான்.

பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அவன் அப்படிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதற்கான பாரம் வேறொரு தலையில் இருந்தது. அந்தத் தலைக்குரியவள் முதல்முறையாக எல்லோர் முன்னாலும் பேசினாள்.

"ஒங்களுக்கும் தெரியும்ப்பா, மாமாவுக்கும் தெரியும்," என்றாள் அமலராணி. "சம்மனசு வேசத்துக்கு என்ன வேணாம்னாங்களே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். ரெண்டு பேரும் இங்கனதான இருந்தீங்க."

 

ஆலங்குடிக்காரர்கள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பத்து நாளில் வாத்தியார் கைப்படக் கடிதம் வந்தது: சம்மதம். ஆவணியில் ஆவூர் பெரிய கோவிலில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய முறைகளைச் செய்யப் பங்கிராஸை யாரும் கூப்பிடவில்லை. அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தோணிமுத்துவைக் கோவிலுக்குள் பெஞ்சில் இறக்கி உட்காரவைத்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். மணியடித்தபோது அங்கிருந்தே சிலுவை போட்டுக்கொண்டான். பெண்ணும் மாப்பிள்ளையும் அவனைத் தாண்டித்தான் வண்டிக்குப் போனார்கள். அமலராணி நிற்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

வியாகுலமேரி அண்ணனை வீட்டைவிட்டு விரட்டவில்லை. பயந்ததுபோல் ஒன்றும் நடக்கவில்லை. தட்டில் சோறு போட்டு வைப்பாள். வேட்டியைத் துவைத்துப் போடுவாள். ஆனால் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். புருஷனைப் புரட்டிப் போட வேண்டுமென்றால் கட்டில் பக்கத்தில் போய் நிற்பாள். அவன் புரிந்துகொண்டு வருவான். சாயங்காலச் செபத்தில் இரண்டாம் பத்து முடிந்ததும் அவளே மூன்றாம் பத்தையும் எடுத்துச் சொல்லிவிடுவாள். பங்கிராஸ் மூலையில் உட்கார்ந்து பதில் மட்டும் சொல்வான். ஊரில் 'பங்கிராஸ் பத்து' என்ற கேலியும் தானாக நின்றுபோனது. நின்றதும்தான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

1969 மாசியில் அந்தோணிமுத்து செத்துப்போனான். முதுகுப் புண் புரையோடி, திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் காய்ச்சல் இறங்கவில்லை. கடைசி நாள் நினைவு தப்பியிருந்தபோது அவன் வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நர்சுக்கு அது புரியவில்லை. பங்கிராஸ் போர்வையின் மறுமுனையைப் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு இழுப்பு பதிலாக இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்க நாலு கிணற்றுக் கயிறுகள். அந்த ஊர் முறைப்படி தலைமாட்டுக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், கிணற்றில் பிடிப்பதுபோலவே. பங்கிராஸ் கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தான். உபதேசியார் செல்லமுத்துவுக்கு வயதாகியிருந்தது. அவர் வியாகுலமேரியைப் பார்த்தார். வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டார். ஆலங்குடியிலிருந்து வந்திருந்த அமலராணி, இடுப்பில் கைக்குழந்தையோடு, தாயின் முகத்தைப் பார்த்தாள்.

வியாகுலமேரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, ஒன்றரை வருஷம் கழித்து, அண்ணனிடம் முதல் வார்த்தை சொன்னாள்.

"அண்ணே. நீ வந்து பிடி."

பங்கிராஸ் வந்து கயிற்றை வாங்கினான். மற்ற மூன்று பேரும் இறக்கத் தொடங்கினார்கள். இளவட்டங்கள், வெயில் வேறு; சீக்கிரம் விடப் பார்த்தார்கள். அவன் விடவில்லை. சாண் சாணாகத்தான் கயிற்றைக் கொடுத்தான். பாதிக் குழியில் நிறுத்திவிட்டான். உதடு அசைந்தது. மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இருக்கட்டும்பா, நில்லுங்க," என்றார் செல்லமுத்து. அந்த மனிதன் மூன்றாம் பத்தின் பத்து மணியையும், ஒன்றையும் விடாமல், ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னான். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அப்படிச் சொன்னான். கூட்டத்தில் சிலர் பதில் சொன்னார்கள். அதில் அமலராணியின் குரலும் இருந்தது.

பிறகு மெல்ல இறக்கினான். பெட்டி தரையைத் தொட்டது. மூவரும் தங்கள் கயிற்றை உருவி எடுத்துவிட்டார்கள். பங்கிராஸ் உருவவில்லை. கயிற்றை ஒரு தடவை, லேசாக, இழுத்தான். இழுத்துவிட்டுக் குழியைப் பார்த்தபடி நின்றான். சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்து முடித்தார். ஒருவர் பின் ஒருவராக மண் அள்ளிப் போட்டார்கள். அவன் கயிற்றைத் தொய்யவிடாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

வியாகுலமேரி பக்கத்தில் வந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"போதும்ணே," என்றாள். "விட்ரு."